ஆர்ட்டன் சிர்வாவுக்கு வழக்கறிஞர் மறுக்கப்பட்டது எப்படி?

சட்டக் கல்லூரி மாணவி, காலாப்பட்டு:
அனைவருக்கும் வணக்கம். கைதானவர் தாம் விரும்பும் வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளும் உரிமையைத் தரும் நம் அரசமைப்பின் 22-ஆம் உறுப்பைப் படிக்கும்போது, ஆப்பிரிக்க நாடான மலாவியின் ஆர்ட்டன் சிர்வாவைப் பற்றி அறிந்தேன். அந்நாட்டின் முதல் ஆப்பிரிக்க பாரிஸ்டரும் விடுதலையின்போது சட்ட அமைச்சராக இருந்தவருமான அவர், 1983-இல் ராஜத்துரோக வழக்கில் வழக்கறிஞர் துணையின்றித் தாமே வாதாட நேர்ந்தது எப்படி?

வழக்கறிஞர், மஞ்சக்குப்பம், கடலூர்:
அவ்வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போகவே இல்லை, அம்மா. 1969-இல் ஒரு தொடர்கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை உயர் நீதிமன்றம் விடுவித்ததும், ஆட்சித் தலைவர் பண்டா, ஊர்த்தலைவர்கள் அமர்ந்து விசாரிக்கும் பாரம்பரிய நீதிமன்றங்களுக்கே மரண தண்டனை விதிக்கும் அதிகாரத்தைச் சட்டத்திருத்தத்தால் வழங்கினார். உயர் நீதிமன்ற நீதிபதிகள் பதவி விலகினார்கள். பின்னர் ராஜத்துரோகமும் அங்கே போய்ச் சேர்ந்தது. சிர்வாவுக்கு அங்கே வழக்கறிஞரும் இல்லை, வெளிநாட்டுச் சாட்சிகளை அழைக்கும் அனுமதியும் இல்லை. மேல்முறையீட்டு மன்றம் விசாரணை நடந்த விதத்தைக் குறைகூறிவிட்டு, தூக்குத் தண்டனையை உறுதிசெய்தது. இதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. இங்கே செஷன்ஸ் வழக்கில் வக்கீல் வைக்க வசதியில்லாதவர் கூண்டில் நின்றால், அரசு செலவில் ஒருவரை அமர்த்திய பிறகே விசாரணை நடக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், முத்தியால்பேட்டை:
வக்கீல் ஐயா சொன்னதற்கு முந்தைய கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1959-இல் பண்டா சிறையில் இருந்தபோது மலாவி காங்கிரஸ் கட்சியைத் தொடங்கி அதன் முதல் தலைவரானவர் சிர்வா. பண்டா விடுதலையானதும் பதவியை அவரிடமே ஒப்படைத்தார். 1964-இல், நாடு விடுதலை பெற்ற சில மாதங்களிலேயே, பண்டாவின் தனியாட்சிப் போக்கை எதிர்த்த அமைச்சர்களோடு நின்று பதவியிழந்து, தான்சானியாவுக்குப் போய், பின்னாளில் மலாவி விடுதலை இயக்கத்தை நடத்தினார். 1981 டிசம்பரில் அவரும், மலாவியின் முதல் பெண் வழக்கறிஞரான மனைவி வேராவும், மகனும் பிடிபட்டனர். சாம்பியாவிலிருந்து கடத்தப்பட்டதாகக் குடும்பத்தார் சொன்னார்கள். மலாவிக்குள்தான் கைது செய்ததாக அரசு சாதித்தது. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்ததால் 1984-இல் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. சோம்பா சிறையில் சிர்வாவையும் வேராவையும் பல ஆண்டுகள் ஒருவரையொருவர் பார்க்கவிடாமல் வைத்திருந்தார்கள். 1992 செப்டம்பரில் பிரிட்டிஷ் வழக்கறிஞர் குழு வந்தபோதுதான் சந்தித்துக்கொண்டார்கள். அடுத்த மாதமே சிர்வா சிறையில் இறந்தார். இறுதிச் சடங்குக்குப் போகக்கூட வேராவை விடவில்லை.

சட்டக் கல்லூரி மாணவி, காலாப்பட்டு:
மிக்க நன்றி, ஐயா. வேரா அம்மையாரும் அந்த நீதிமன்றங்களும் பிறகு என்ன ஆனார்கள்?

வழக்கறிஞர், மஞ்சக்குப்பம், கடலூர்:
வேரா 1993 ஜனவரியில் விடுதலையானார். அதே ஆண்டு ஜூன் 14 பொதுவாக்கெடுப்பில் அறுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பலகட்சி ஆட்சியைக் கேட்டார்கள். அவ்வாண்டிலேயே அந்த நீதிமன்றங்களின் செயல்பாடும் நிறுத்தப்பட்டது. வேரா மனித உரிமை அமைப்பொன்றைத் தொடங்கி, பின்னர் ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையத்தின் சார்பில் பல நாட்டுச் சிறைகளுக்குள் சென்று கைதிகளின் நிலையை ஆராய்ந்து அறிக்கை அளித்தார்.