ஐம்பதைக் கடந்த பிறகு இளமையாக உணர்வது வெறும் மனச் சமாதானமா?

கேள்வி: மாலைவெயில்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 54 வயது. ஆண்டுதோறும் செய்துகொள்ளும் பரிசோதனையில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரியான அளவில்தான் இருக்கின்றன. நோய் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஆனாலும் நாற்காலியிலிருந்து எழக் கைப்பிடியைத் தேடுவதும், மாடிப்படியைக் கண்டதும் மின்தூக்கியின் பக்கம் திரும்புவதும், மாலை ஆறு மணி ஆனதுமே "மற்றதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சாய்ந்துவிடுவதுமாக, என்னை நானே ஒரு மூதாட்டியாக நடத்தத் தொடங்கிவிட்டேன். அலுவலகத்தில் புதிய பயிற்சி ஒன்றுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னால்கூட, "இந்த வயதில் எதற்கு?" என்ற சொல் யோசிப்பதற்கு முன்பே வாயில் வந்து நிற்கிறது.

என் தங்கையோ, வயது என்பது மனத்தில்தான் இருக்கிறது, நல்லதையே நினைத்தால் இளமை தானாக வரும் என்று நாள்தோறும் சொல்கிறாள். முழங்கால் வலி நல்ல எண்ணத்துக்குக் கட்டுப்படுமா என்று கேட்டால் கோபித்துக்கொள்கிறாள். நேர்மறைச் சிந்தனையால் உடலுக்கு உண்மையிலேயே பயன் உண்டா, அல்லது அன்றாடப் பழக்கங்கள்தான் எல்லாமா? எதிலிருந்து தொடங்குவது என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: ஏட்டுப்புழு

வணக்கம் சகோதரி. உங்கள் தங்கை சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பாதி அவர் நினைக்கும் பாதியன்று.

யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவியும் அவருடைய குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தப் பேச்சில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அமெரிக்காவில் 50 வயதும் அதற்கு மேலும் ஆன 660 பேரின் விவரங்களை வைத்துப் பார்த்ததில், தம் முதுமையைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தவர்கள் மற்றவர்களைவிட 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். வயது, பாலினம், பொருளாதார நிலை, தனிமையுணர்வு, உடல் இயக்கத் திறன் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வேறுபாடு நீடித்தது. இருப்பினும் இது மக்களைத் தொடர்ந்து கவனித்து எழுதிய ஆய்வுதான்; நல்லெண்ணம்தான் ஆயுளைக் கூட்டியது என்று இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது, அவர்களிடம் கேட்கப்பட்டது என்ன என்பதைத்தான். "உங்களை இளைஞராக நினைத்துக்கொள்கிறீர்களா?" என்று யாரும் கேட்கவில்லை. வயது ஏற ஏற மனிதருடைய பயன் குறைகிறது என்ற கருத்தை ஏற்கிறீர்களா என்பது போன்ற கேள்விகளே அதில் இருந்தன. அதாவது, இளமையாகப் பாவனை செய்தவர்களைப் பற்றிய ஆய்வன்று அது; முதுமையைப் பயனற்ற காலம் என்று எழுதித் தள்ளிவிடாதவர்களைப் பற்றியது. உங்கள் வாயில் வந்து நிற்கும் "இந்த வயதில் எதற்கு?" என்ற சொல்லைத்தான் முதலில் பிடிக்க வேண்டும் என்பது என் கருத்து. "எனக்கு இருபது வயது" என்று கண்ணாடிக்கு முன் நின்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

இன்பமான கற்பனைக்கு எதிர்விளைவும் உண்டு. கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் உடல் எடையைக் குறைக்க முயன்ற பெண்களிடம் நடத்தி 1991-இல் வெளியிட்ட ஆய்வில், எல்லாம் எளிதாக நடந்துவிடுவதாகக் கனவு கண்டவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே எடை குறைந்தார்கள். வெற்றியை மனத்தில் முன்கூட்டியே அனுபவித்துவிட்டால் உழைக்கும் வேகம் தணிந்துவிடுகிறது போலும். விருப்பத்தை நினைத்த கையோடு, அதற்குக் குறுக்கே நிற்பது எது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பிற்கால ஆய்வுகளின் சாரம்.

உண்மையான வயதைவிடக் குறைவாக உணர்வது வியப்பான செய்தியும் அன்று. நாற்பதைக் கடந்தவர்கள் சராசரியாகத் தம் வயதில் 20 விழுக்காடு குறைத்தே தம்மை உணர்கிறார்கள் என்று 2006-இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்று காட்டியது.

மறுமொழி 2: நடைப்பயிற்சி

நான் இயன்முறை மருத்துவத்தில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். மேலே எழுதிய நண்பரோடு எனக்குப் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் வரிசையை மாற்றச் சொல்வேன். மனம் மாறட்டும், பிறகு உடலைப் பார்க்கலாம் என்று காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். கையூன்றாமல் எழ முடிகிறது என்பதை உடல் ஒருமுறை காட்டிவிட்டால், "எனக்கு வயதாகிவிட்டது" என்ற எண்ணம் வாதம் ஏதுமின்றித் தளர்ந்துவிடுகிறது.

முதுமை என்று நாம் சொல்லிக்கொள்வதில் பெரும்பங்கு அசையாமையின் விளைவு. 1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், இருபது வயது இளைஞர்கள் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கவைத்து ஆராய்ந்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மீண்டும் பரிசோதித்தபோது, அவர்களுடைய உடலுழைப்புத் திறனை முப்பது ஆண்டு முதுமை குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை கூடுதலாகக் குறைத்திருந்தது தெரியவந்தது. அதன்பின் ஆறு மாதப் பயிற்சியில் அவர்கள், வயதால் இழந்த இதய, நுரையீரல் திறனை மீட்டுக்கொண்டார்கள். இன்னொரு சான்று 1990-இல் வெளியானது: தொண்ணூறு வயதை ஒட்டிய, முதியோர் இல்லத்தில் வாழ்ந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்ததில், பயிற்சியை முடித்தவர்களின் கால் தசை வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. ஐம்பத்து நான்கு வயதில் நீங்கள் தயங்கக் காரணமே இல்லை.

நாற்காலியிலிருந்தே தொடங்குங்கள். கைப்பிடி இல்லாத, சக்கரம் இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, இருக்கையின் முன்பகுதியில் அமருங்கள். பாதங்களை இடுப்பகலத்துக்கு விலக்கி, முழங்காலுக்குச் சற்றே பின்னால் இழுத்து வையுங்கள். பலரும் காலை முன்னே நீட்டி வைத்துக்கொண்டு எழப் பார்ப்பதால்தான் கையைத் தேட வேண்டியிருக்கிறது. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும் அளவுக்கு முன்னே சாய்ந்து, குதிகாலை அழுத்தி எழுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மனத்துக்குள் நான்கு எண்ணி மெல்ல இறங்குங்கள். தசைக்கு உண்மையான வேலை அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே மடங்கக் கூடாது. கடினமாக இருந்தால் இருக்கையில் தடித்த மெத்தை ஒன்றைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். எட்டு முதல் பத்து முறை, சற்று ஓய்வு, மறுபடியும் ஒருமுறை. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கத்தையும், இரண்டு நாளாவது தசை வலுவூட்டும் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. நடை மட்டும் போதும் என்று எண்ணி இரண்டாவதை விட்டுவிடுபவர்களே மிகுதி.

மறுமொழி 3: நிழல்தேடி

இருவரும் நன்றாக எழுதியிருக்கிறார்கள். ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாலை ஆறு மணிக்கே சாய்ந்துவிடும் சோர்வை உடனே எண்ணத்தின் கணக்கிலோ பழக்கத்தின் கணக்கிலோ எழுதிவிடாதீர்கள். இரத்தசோகை, தைராய்டுச் சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மனச்சோர்வு நோய் ஆகிய எல்லாமே "வயதாகிவிட்டது" என்ற முகமூடியோடுதான் வருகின்றன. மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி இரவில் உடல் திடீரெனச் சூடாகித் தூக்கம் கலைவதும் பகல் சோர்வுக்கு ஒரு காரணம். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரியாக இருப்பதால் இவை இல்லை என்று ஆகிவிடாது. உற்சாகமாக இரு, நல்லதை நினை என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கும் வீடுகளில், சோர்வைச் சொல்வதே குற்றம் என்று ஆகி, மருத்துவரிடம் போவது தள்ளிப்போகிறது. அதனால்தான் இந்த நேர்மறைப் பேச்சின் மீது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

மாலைவெயில்

மூவருக்கும் நன்றி. நிழல்தேடி சொன்ன பரிசோதனைகளுக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். நடைப்பயிற்சி அவர்களிடம் இன்னும் இரண்டு கேள்விகள். நான் எதைத் தொடங்கினாலும் இரண்டாம் வாரத்தில் விட்டுப்போகிறது. அதற்கு வழி உண்டா? எழும்போது முழங்காலில் சொடக்குப் போடுவது போல் சத்தம் கேட்கிறது, அப்படியே செய்யலாமா?

நடைப்பயிற்சி

பயிற்சிக்கென்று தனி நேரம் ஒதுக்காதீர்கள். எப்படியும் செய்யும் வேலை ஒன்றோடு சேர்த்துவிடுங்கள். காலையில் பல் துலக்கி முடித்ததும் நாற்காலிப் பயிற்சி என்று வைத்துக்கொண்டால், நினைவூட்ட வேறு எதுவும் தேவைப்படாது. லண்டனில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இரண்டாம் வாரத்தில் இன்னும் பழகவில்லை என்பது இயல்பே. இடையில் ஒருநாள் தவறினால் பெரிய பாதிப்பில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. எனவே ஒருநாள் விட்டதற்காக முழுவதையும் விட்டுவிட வேண்டாம். பிற்பகலுக்குப் பிறகு காபியைத் தவிர்த்தால் இரவுத் தூக்கமும் சீர்படும்.

வலியில்லாமல் வரும் சத்தத்துக்காகப் பொதுவாகக் கவலைப்பட வேண்டியதில்லை, தாராளமாகச் செய்யலாம். முழங்காலில் லேசான வலி ஏற்பட்டு அன்றைக்கே தணிந்துவிட்டாலும் தொடரலாம். மறுநாள் வரை நீடித்தால் இருக்கையின் உயரத்தைக் கூட்டி, எண்ணிக்கையைக் குறையுங்கள். வீக்கம் இருந்தாலோ, முழங்கால் பாதியில் பூட்டிக்கொண்டாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ மட்டும் பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.