‘ஸ்கார்’: தழும்பா, வடுவா?

குழப்பவாதி:
ஒரு ஆங்கிலச் சிறுகதையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். சின்ன வயதில் கொதிக்கிற கஞ்சி கவிழ்ந்து முன்கை வெந்துபோன ஒரு பெண். கையில் இருப்பதையும் ‘ஸ்கார்’ என்கிறார் கதாசிரியர், அன்றைக்கு அப்பா திட்டியது அவள் மனதில் தங்கிப்போனதையும் ‘ஸ்கார்’ என்கிறார், கடைசிப் பத்தியில் எதைச் சொல்கிறார் என்றே தெரியாதபடி அந்த ஒரே சொல்லை வைத்து விளையாடுகிறார். கைக்குத் தழும்பு, மனசுக்கு வடு என்று பிரித்தால் விளையாட்டே போச்சு. ‘மனத்தழும்பு’ காதில் இடிக்கிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

ஏட்டுச்சுரைக்காய்:
இரண்டுக்கும் வடுவே போதும், அம்மை வடு என்று சொல்கிறோமே. ஆனால் ஒன்று. “தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு” என்ற குறளில் நெருப்பு சுட்டது புண், நாக்கு சுட்டதுதான் வடு. முன்னது ஆறிப்போகும் என்பதால் புண் என்றும், பின்னது ஆறாமல் கிடப்பதால் வடு என்றும் வள்ளுவர் சொன்னதாகப் பரிமேலழகர் எழுதுகிறார். தோலில் இருக்கும் வடுவோ புண் ஆறியதற்கு அடையாளம், நேர் எதிர்! போதாததற்கு வடு என்றால் பழி, குற்றம் என்றும் பொருள் உண்டு (“வடுவன்று வேந்தன் தொழில்”). மாவடுவை நான் இழுக்கவில்லை.

முழங்கால்:
என் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு அங்க அடையாளம் கேட்டபோது வாத்தியார் முழங்காலைப் பார்த்து ‘தழும்பு’ என்றுதான் சொன்னார். பேச்சில் யார் சார் வடு என்கிறார்கள்? ஆனால் தழும்புக்கு வேறொரு குணம் இருக்கிறது. ‘நாத்தழும்பேறச் சொல்லிவிட்டேன்’ என்கிறோம், அங்கே காயமே கிடையாது, திரும்பத் திரும்பச் செய்து காய்த்துப்போவதுதான் தழும்பு. ஆங்கிலச் சொல்லுக்கு இந்தப் பக்கம் இல்லை. (நிறைகுடம் ‘தழும்பாது’ என்று எழுதுகிறவர்கள் கவனிக்க, அது தளும்பாது.)

வார்டு டியூட்டி:
தீக்காயப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன், மொழி எனக்குத் தெரியாது, தழும்பு தெரியும். அது பழைய தோல் திரும்பி வந்தது இல்லை, கொலாஜன் நாரை அவசரமாக அடுக்கிப் போட்ட ஒட்டு. அதில் முடி முளைக்காது, வியர்க்காது, எத்தனை வருடமானாலும் பழைய தோலின் பலத்தில் சுமார் 80 சதவீதத்துக்கு மேல் வராது. உடம்பு அந்த ஒட்டைக் காலம் முழுக்கப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு வைட்டமின் சி வேண்டும். 1740-இல் இங்கிலாந்திலிருந்து ஆன்சன் என்பவர் தலைமையில் கிளம்பிய கப்பல்களில், வைட்டமின் சி இல்லாமல் வருகிற ஸ்கர்வி நோய் பரவியபோது, 1690-இல் அயர்லாந்தில் பாய்ன் போரில் காயம்பட்ட ஒருவருக்கு, ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஆறிய அதே புண்கள் ஆறவே ஆறாதது போலத் திறந்துகொண்டனவாம். ஆகவே தோலில் இருப்பது ‘ஆறியாச்சு’ என்பதற்கு அடையாளம் என்று ஏட்டுச்சுரைக்காய் அண்ணன் சொல்வதை முழுசாக நம்பாதீர்கள்.

பனங்கொட்டை:
நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் போருக்குப் பிறகு ‘மனவடு’ என்ற சொல் சாதாரணமாப் புழங்குது, இலக்கியச் சொல்லாக யாரும் நினைக்கிறதில்லை. உங்களுக்கு ‘மனத்தழும்பு’ இடிக்கிறது பழக்கமில்லாததால்தான்.

ஏட்டுச்சுரைக்காய்:
செவிலியர் சொன்னது சரி, வாபஸ். இன்னொன்று தோன்றுகிறது. ‘ஸ்கார்’ கிரேக்கத்தில் அடுப்பு என்ற சொல்லிலிருந்து வந்தது. அடுப்பு, தீப்புண்ணின் பொருக்கு, அப்புறம் தழும்பு. கதையிலும் கஞ்சிதானே? நம்மிடம் ‘சூடு’ இருக்கிறதே. நல்ல மாட்டுக்கு ஒரு சூடு, நல்ல மனிதனுக்கு ஒரு சொல். தோலுக்கும் ஆகும், பேச்சுக்கும் ஆகும்.

முழங்கால்:
சூடு என்றால் வேண்டுமென்றே இழுத்தது என்று ஆகிவிடாதா? அப்பாதான் கையைச் சுட்டார் என்று படிக்கிறவர் நினைப்பார்.

குழப்பவாதி:
முன்பகுதியில் தழும்பு, கடைசிப் பத்தியில் மட்டும் சூடு என்று மாற்றிப் பார்த்தேன், உட்காருகிறது. முழங்கால் சொல்கிற மாதிரி நினைத்தால் நினைக்கட்டும். கை வெந்து நிற்கிற பிள்ளையைப் பார்த்து அந்த அப்பா முதலில் கேட்டது, கஞ்சி எவ்வளவு கொட்டிற்று என்று.