லெக்ஸான் பாடிக்கு ஏர்பிரஷ்: எந்த நிறத்தை முதலில் அடிப்பது?

டூரிங்பிரியன்:
வணக்கம் நண்பர்களே. இதுவரை என் ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) கார்களின் லெக்ஸான் பாடிகளுக்கு, அதாவது ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் கூடுகளுக்கு, டமியா பிஎஸ் ஸ்ப்ரே டப்பாதான். ஒரே நிறம், மேலே ஸ்டிக்கர், அவ்வளவுதான். இப்போது டூயல் ஆக்‌ஷன் ஏர்பிரஷ் (காற்றால் பெயின்ட் தூவும் கருவி) ஒன்றும் டேங்க் வைத்த சின்ன கம்ப்ரஸரும் வாங்கியிருக்கிறேன். 1/10 அளவு டூரிங் கார் பாடியில் முன்பக்கம் ஆரஞ்சு, பின்னால் போகப் போக அது மஞ்சளாக மாற வேண்டும், குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள். எதை முதலில் அடிப்பது? மாடல் கிட்டுக்காக வாங்கிய டமியா எக்ஸ்எஃப் அக்ரிலிக் குப்பிகள் நிறைய இருக்கின்றன, அவை லெக்ஸானில் நிற்குமா? கோடுகளுக்கு டேப் போதுமா, லிக்விட் மாஸ்க் (பூசிக் காய்ந்ததும் டேப் போல மறைத்து, பிறகு உரித்தெடுக்கும் திரவம்) வாங்கியே ஆக வேண்டுமா?

பெயின்ட்மேசை:
முதலில் பெயின்ட் விஷயம். எக்ஸ்எஃப் வேண்டாம். லெக்ஸான் பாடி ஒவ்வொரு இடியிலும் வளைந்து நிமிரும், அதோடு சேர்ந்து வளையாத பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். பாலிகார்பனேட்டுக்கென்றே வரும் பெயின்ட் வேண்டும். ஏர்பிரஷுக்கு ஃபாஸ்கலர், கிரியேடெக்ஸ் மாதிரி தண்ணீர் கலந்த வகைகளைப் பலரும் பயன்படுத்துகிறார்கள், நாற்றமும் குறைவு. டமியாவிலேயே டிஎஸ் டப்பா கெட்டி பிளாஸ்டிக்குக்கு, பிஎஸ் பாலிகார்பனேட்டுக்கு; கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், பார்த்து எடுங்கள்.

வரிசைக்கு வருவோம். நம் தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் பார்த்திருப்பீர்கள், கண்ணாடியின் பின்பக்கம் வரைவதால் நகை, கண், கோடு எல்லாம் முதலில், பின்னணி கடைசியில். லெக்ஸானும் அப்படியேதான், அடிப்பது உள்பக்கம், பார்ப்பது வெளிப்பக்கம். ஆகவே உங்கள் பாடியில் கறுப்புக் கோடு முதலில், அப்புறம் ஆரஞ்சு, அதன் மேல் மஞ்சள், எல்லாவற்றுக்கும் பின்னால் வெள்ளை. ஆரஞ்சை மூக்கில் அடர்த்தியாக ஆரம்பித்து, கையை நிறுத்தாமல் பின்னால் கொண்டுபோய்த் தூவலாக முடியுங்கள். பிறகு மஞ்சளை எல்லா இடத்திலும் அடித்தால், ஆரஞ்சுப் புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தில் மஞ்சள் தெரியும், மாற்றம் தானாக வந்துவிடும்.

அடிக்கும் முன் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் உள்பக்கத்தை நன்றாகக் கழுவி உலர்த்துங்கள். அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டிய எண்ணெய்ப் பசை அதில் இருக்கும். கழுவிய பின் உள்ளே விரல் படக் கூடாது. கண்ணாடிகளுக்கு உரிய ஜன்னல் மாஸ்க்கை உள்ளே ஒட்டிவிடுங்கள், வெளியே இருக்கும் மெல்லிய பிலிமைக் கடைசிவரை உரிக்காதீர்கள்.

மெல்லியகோடு:
மேலே சொன்ன வரிசையே சரி. டேப் பற்றி மட்டும் சொல்கிறேன். நேர்க்கோடு என்றால் நல்ல மெல்லிய மாஸ்கிங் டேப்பே போதும், வளைவு நெளிவு இருந்தால்தான் லிக்விட் மாஸ்க். அதை உள்ளே முழுக்கப் பிரஷால் மூன்று நான்கு கோட் பூசி, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது, கடைசியில் ஓர் இரவு விட்டுவிடுங்கள். வெளிப் பிலிம் மேல் மார்க்கரால் வரைந்தால் கோடு உள்ளே தெரியும், அதைப் பார்த்து உள்ளிருந்து வெட்டலாம். புது பிளேடு, அதன் எடை மட்டும், கை அழுத்தமே வேண்டாம். பிளேடு மாஸ்க்கைத் தாண்டி லெக்ஸானைக் கீறினால், அடுத்த மோதலில் பாடி அந்தக் கீறல் வழியாகவே கிழியும்.

டேப்போ மாஸ்க்கோ, முதல் கோட் வெறும் தூசி மாதிரி மெல்லிசாக இருக்கட்டும், அதுவும் விளிம்பை நோக்கி அடிக்காமல் விளிம்புக்கு மேலிருந்து. ஈரமாக அடித்தால் பெயின்ட் டேப்புக்கு அடியில் ஊர்ந்துவிடும்.

டூரிங்பிரியன்:
இருவருக்கும் நன்றி. வளைந்த கோடுகள்தான், மாஸ்க் வாங்கிவிடுகிறேன். என் ஏர்பிரஷில் 0.3 மி.மீ. நாசில். காற்று அழுத்தம் எவ்வளவு வைப்பது? எங்கள் ஊர் கடற்கரைப் பக்கம், காற்றில் ஈரம் அதிகம், கம்ப்ரஸரிலிருந்து தண்ணீர் வருமோ என்று கவலை.

பெயின்ட்மேசை:
வரும். ஈரப்பொறி (காற்றிலுள்ள தண்ணீரைப் பிடிக்கும் வடிகட்டி) இல்லாமல் ஓட்டாதீர்கள், டேங்கையும் அவ்வப்போது அடி வால்வு திறந்து வடித்துவிடுங்கள். 20 முதல் 30 பிஎஸ்ஐக்குள் வைத்து ஒரு துண்டு லெக்ஸானில் அடித்துப் பாருங்கள். சக்கர வளைவில் வெட்டி எறியும் துண்டுகள் அதற்குத் தோதானவை. பெயின்ட் துப்பினால் இன்னும் கொஞ்சம் ரெட்யூசர் (பெயின்டை நீர்க்க வைக்கும் திரவம்) சேருங்கள். 0.3 போதும், ஆனால் ஊசி முனையில் பெயின்ட் காய்ந்து கட்டும், அதை அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும். வெள்ளைப் பின்பூச்சுக்கு 0.5 கிடைத்தால் நிம்மதி.

ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் ஹேர் டிரையர் போடலாம், ஆனால் தூரத்தில் பிடித்து, அசைத்துக்கொண்டே. ஓர் இடத்தில் நிறுத்தினால் பாடி நெளியும், அதைத் திரும்ப நிமிர்த்த முடியாது. தண்ணீர் பெயின்ட்தானே என்று முகத்தில் மாஸ்க் போடாமல் அடிக்காதீர்கள். தூவல் நுரையீரலுக்குள் போனால் போனதுதான்.

மெல்லியகோடு:
ஒன்று விட்டுப்போச்சு. வெள்ளை அடித்து முடித்ததும் பாடியை பல்பு முன்னால் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் வெளியிலிருந்து மங்கலாகத் தெரியும், அங்கே இன்னொரு கோட். அப்புறம் வேண்டுமானால் பின்னால் வெள்ளிப் பூச்சு. வெள்ளை முழுதாக மூடிய பிறகுதான் அது, இல்லையென்றால் மஞ்சள் அழுக்காகத் தெரியும். படம் போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.