வாடகை ஜிபியு: நிறுத்தி வைத்தும் காசு கரைகிறது, உதவுங்கள்

கெடிலக்கரை (கடலூர்):
தேவனாம்பட்டினத்தில் என் தாத்தாவும் அவர் கூட்டாளிகளும் பேசியதைப் பதிவு செய்து ஆறு மணி நேர ஒலி வைத்திருக்கிறேன். காற்று, வலை, மீன் பெயரெல்லாம் அவர்கள் வாயில் வருகிற மாதிரியே எழுத்தாக வேண்டும் என்று விஸ்பர் ஸ்மால் என்கிற, பேச்சை எழுத்தாக்கும் ஏஐ மாடலை ஃபைன்ட்யூன் செய்கிறேன், அதாவது எங்கள் பேச்சுக்குப் பழக்குகிறேன். பிரவுசரிலேயே ஓட்டுகிற கூகுளின் இலவச கோலாபில் ஓட்டினால், பாதி ராத்திரி கரண்ட் போய் வைஃபையும் போய், காலையில் ஒன்றுமே மிஞ்சாது. சலித்துப்போய் ஒரு தளத்தில் 1,000 ரூபாய் கட்டி மணிக்கணக்கில் ஜிபியு (மாடலை வேகமாகப் பழக்குகிற சிப்) உள்ள மெஷினை வாடகைக்கு எடுத்தேன். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு ஸ்டாப் கொடுத்தேன். வியாழக்கிழமை பார்த்தால் மிச்சம் 340. யாராவது என் கணக்கில் புகுந்துவிட்டார்களா?

லாஸ்பேட்டை:
யாரும் புகவில்லை தம்பி. ஸ்டாப் கொடுத்தால் ஜிபியு வாடகைதான் நிற்கும், டிஸ்க் வாடகை ஓடும். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனால் வாடகை நிற்குமா? டிஸ்க் எவ்வளவு?

கெடிலக்கரை:
200 ஜிபி. இருக்கட்டுமே என்று போட்டேன் அண்ணே.

லாஸ்பேட்டை:
அங்கேதான் போச்சு. ஆறு மணி நேர ஒலி 16 கிலோஹெர்ட்ஸ் மோனோவில் 700 எம்பி கூட வராது. கடைசி இரண்டு செக்பாயின்ட் (பயிற்சியின் நடுவில் சேமிக்கிற மாடல் நகல்) மட்டும் வைத்தால் 40 ஜிபியே தாராளம். செக்பாயின்டை இறக்கிக்கொண்டு மெஷினையே அழித்துவிடு.

இன்னொன்று, இந்த வேலைக்கு வாடகையே தேவையில்லை. ஸ்மால் மாடல் 24.4 கோடி பாராமீட்டர்தான், 16 ஜிபி மெமரி உள்ள டி4 ஜிபியு போதும். கோலாப் மாதிரியே இன்னொரு தளமான கேகிளில் போன் நம்பரைச் சரிபார்த்தால் வாரம் சுமார் 30 மணி நேரம் ஜிபியு இலவசம். 'சேவ் அண்டு ரன் ஆல்' கொடுத்துவிட்டால் உன் வீட்டில் கரண்ட் போனாலும் அங்கே ஓடும். டி4 என்றால் பயிற்சி அமைப்பில் எண் வடிவத்துக்கு எஃப்பி16 போடு, பிஎஃப்16 வேண்டாம்.

மஞ்சக்குப்பம்:
போன் ரெக்கார்டிங்கை அப்படியே ஏற்றி, வாடகை மெஷினில் வைத்தா வெட்டினீர்கள்? நானும் அப்படிச் செய்து ஏமாந்தேன். ஜிபியு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுகிற என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையை அடித்துப் பார்த்தால் ஜிபியு 4 சதவீதத்தில் தூங்குகிறது, மீட்டர் மட்டும் ஓடுகிறது. 30 நொடிக்கு மேல் போகாத துண்டுகளாக வீட்டு லேப்டாப்பிலேயே வெட்டிவிடுங்கள். அதற்கு ஜிபியு வேண்டாம்.

கெடிலக்கரை:
அப்படித்தான் செய்திருந்தேன், வெட்கமாக இருக்கிறது. மெஷினை அழித்துவிட்டேன், கேகிளில் ராத்திரி முழுக்க ஓடி முடிந்தது. சங்கரா, வஞ்சிரம் எல்லாம் சரியாக வருகிறது. தாத்தா 'வாடக்காத்து' என்றால் மட்டும் 'வடை காத்து' என்று எழுதுகிறது.

லாஸ்பேட்டை:
அந்தச் சொல் வருகிற துண்டுகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார். பத்துக்குள் என்றால் தாத்தாவிடம் இன்னொரு முறை போய் உட்கார வேண்டியதுதான்.