நொய்யல் கரைச்சுவரில் ஓவியம்: காசுக்குப் பிடித்த கேடா?

கரைவழி:
திருப்பூருக்குக் கீழே, ஆற்றோரம் எங்கள் ஊர். நோம்பி (திருவிழா) வசூலில் மீந்த பணத்தில் கரைச்சுவர் முழுக்க ஆற்றின் கதையை வரையலாம் என்று இளவட்டங்கள் கேட்கிறோம். சென்னை கண்ணகி நகரில் 2020இல் குடியிருப்புச் சுவர்களில் வரைந்த பிறகு, படம் பார்க்கவென்றே ஆட்கள் அங்கே போனார்கள்.

பண்ணயக்காரன்:
ஏனுங்க தம்பி, அந்த மக்களை நகரத்துக்குள்ளிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் வைத்ததை எந்தப் படம் சரிசெய்தது? நம் நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்காக வந்தது. சாயக்கழிவு தேங்கி, தண்ணீரே திறக்காதீர்கள் என்று விவசாயிகள் சொல்லும்படி ஆனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, நாங்கள் வழக்கு வழக்காக அலைந்ததால். யாரோ மயில் வரைந்ததால் இல்லை.

கரைவழி:
மயில் வரைகிறோம் என்று யாருங்கண்ணா சொன்னது? தீர்ப்புக்கு அப்புறம் ஆற்றை யார் பார்க்கிறார்கள்? மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைத் தாண்டுவதோடு சரி.

சென்னிமலைத் தறி:
கதைப் படம் ஒரு மழைக்காலத்தில் வெளிறிவிடும். ஜெர்மனியின் காசல் நகரில் ஜோசப் பாய்ஸ் என்ற கலைஞர் 1982இல் 7000 மரம் நட ஆரம்பித்தார். அருங்காட்சியக வாசலில் 7000 கல்லைக் குவித்தார். ஒரு மரம் நட்டால் ஒரு கல் அதன் பக்கத்தில் போய் நிற்கும். எவ்வளவு பாக்கி என்று குவியலைப் பார்த்தாலே தெரியும். 1987இல்தான் முடிந்தது, அதற்குள் அவரே போய்ச் சேர்ந்துவிட்டார். நீங்களும் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு அளவுகோல் வரையுங்கள். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு: 500 குடிநீர்க் கோடு, 2100 கழிவுநீர்க் கோடு. வாராவாரம் பள்ளிப்பிள்ளைகள் மீட்டரை முக்கி எண்ணை எழுதட்டும்.

பண்ணயக்காரன்:
2100 கோடு போட்டால் அதுவரைக்கும் விடலாம் என்றாகிவிடும் அக்கா. ஒரு சொட்டுக்கூட விடக்கூடாது என்பதுதான் திருப்பூருக்கு உத்தரவு. படித்தவர்கள் வடிவமைத்தால் இப்படித்தான்.

சென்னிமலைத் தறி:
சரிங்க, அந்தக் கோட்டை எடுத்துவிடலாம். 500 போதும்.

பண்ணயக்காரன்:
அப்புறம், நோம்பி வசூலில் பாதி பட்டறைக்காரர்கள் கொடுத்தது. எண் எகிறுகிற வாரம் யார் வந்து சுண்ணாம்பு அடிப்பார்கள் என்று தம்பிக்கே தெரியும்.

கரைவழி:
தெரியும்.

பண்ணயக்காரன்:
அப்போ அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். எங்கள் களத்துச் சுவர் ரோட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. பெயிண்ட் மட்டும் வாங்கிக்கொண்டு வாங்க. மயில் கூடாது.