ஐந்தரைக் கட்டையில் பாடிப் பழகிய காதை வைத்துக்கொண்டு பியானோ கற்க முடியுமா?

முலுண்டுக்காரி:

எனக்கு 46 வயது, மும்பை முலுண்டில் இருக்கிறேன். ஒன்பது வயதிலிருந்து பாட்டு கற்றவள். இரண்டு வருடம் முன்பு குரல் நாணில் முடிச்சு வந்தது. இப்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை. மேல் ஷட்ஜத்துக்கு, அதாவது மேல் 'ச'வுக்குப் போனால் வெறும் காற்றுதான் வருகிறது. ஆறு மாதம் தம்பூரா ஆப்பைக்கூடத் திறக்காமல் இருந்தேன். அப்புறம் அக்கா பையன் விட்டுப்போன 61 கட்டை கீபோர்டைத் தூசி தட்டி எடுத்து மேஜை மேல் வைத்தேன். ஏழு வாரமாகத் தினமும் அரை மணி நேரம் உட்காருகிறேன். ஐந்து கோட்டில் புள்ளி வைத்து எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷனும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிறேன்.

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். எனக்கு ஸ்ருதி ஐந்தரைக் கட்டை, கீபோர்டில் G#. 'ச' என்று நினைத்தாலே காது அங்கேதான் போகிறது. அங்கிருந்து சங்கராபரண ராகம் (மேற்கத்திய மேஜர் ஸ்கேல்) வாசித்தால் ச, ரி, ம, ப நான்கும் கறுப்புக் கட்டையில் விழுகின்றன, கட்டைவிரல் எங்கே போவதென்று தெரியாமல் தவிக்கிறது. புத்தகத்தில் உள்ளபடி ஒரு கட்டை ஸ்ருதியில், அதாவது C-யிலிருந்து வாசித்தால் விரல் சுகமாக ஓடுகிறது, ஆனால் வேறு யாரோ பாடுவது போல இருக்கிறது.

இரண்டாவது, இடது கை. தனியாக வாசிக்கும். வலது கை சேர்ந்ததும் அதன் பின்னாலேயே ஓடுகிறது. அதுவும் மோதிர விரலைத் தூக்கினால் நடுவிரலும் கூடவே எழுகிறது.

மூன்றாவது, 88 கட்டை வாங்க வேண்டுமா? ஒரே ஹால், கிச்சன். கணவருக்கு ஐரோலியில் நைட் ஷிஃப்ட், பகலில் தூங்குவார்.

மாட்டுங்கா வயலின்:

அக்கா, கீபோர்டில் ஸ்ருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கும். மைனஸ் 4 வையுங்கள். C-யை அழுத்தினால் ஐந்தரைக் கட்டை ஸ்ருதி கேட்கும். வெள்ளைக் கட்டையிலேயே வாசிக்கலாம், காதுக்கும் சமாதானம்.

செம்பூர் டீச்சர்:

தம்பி சொல்வது நல்ல எண்ணத்தில்தான், ஆனால் இவர் அதைச் செய்யக்கூடாது என்பேன். 22 வருடமாகப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். பாட்டு கற்றுவிட்டு வருகிறவர்களுக்குக் காது கூர்மை. அந்தக் காதுக்கு, கண் பார்க்கும் புள்ளியும் கை அழுத்தும் கட்டையும் ஒன்று, கேட்கும் ஒலி வேறொன்று என்று பழக்கினால், நாளைக்கு வேறு பியானோ முன் உட்காரும்போது எல்லாம் குழம்பும்.

பாட்டில் 'ச' உங்களுடையது, மற்ற ஸ்வரமெல்லாம் அதைச் சுற்றி நிற்கும். பியானோவில் 'ச' பாட்டுக்குப் பாட்டு இடம் மாறும். அதனால் கொஞ்ச நாளைக்கு ஸ்வரம் சொல்லாமல் விரல் எண்ணைச் சொல்லி வாசியுங்கள். இரண்டு கையிலும் கட்டைவிரல்தான் 1, சுண்டுவிரல் 5. ஒரு கட்டை ஸ்ருதியில் வலது கை ஏறும்போது 1-2-3, அடுத்து கட்டைவிரல் உள்ளே நுழைந்து 1-2-3-4-5. ஐந்தரையில் 3-4-1-2-3-1-2-3. கட்டைவிரல் வெள்ளையில் மட்டும்தான் விழுகிறது, பார்த்தீர்களா? நீங்கள் 'ச'வைக் கட்டைவிரலால் தொடங்குகிறீர்கள், அதனால்தான் சிக்கல்.

மோதிர விரலைப் பற்றி: அதை மேலே இழுக்கும் தசைநார் பக்கத்து விரல்களின் தசைநாரோடு பிணைந்திருக்கிறது. எல்லோருக்கும் அப்படித்தான். மேஜையில் வைத்து வலுக்கட்டாயமாகத் தூக்கிப் பழகாதீர்கள், வலி வரும். தூக்கவே வேண்டாம், மணிக்கட்டைத் தளர்த்திக் கையின் கனத்தை அந்த விரல் மேல் இறக்குங்கள். முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு வர வேண்டும். உங்கள் மேஜை உயரமாக இருக்கும் என்று நினைக்கிறேன், நாற்காலியில் தலையணை போடுங்கள்.

மாட்டுங்கா வயலின்:

சரி டீச்சர், ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அக்காவுக்கு இன்னொரு யோசனை. நொட்டுஸ்வரம் எடுங்கள். முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேய பேண்டு மெட்டுகளுக்குச் சாகித்யம் கட்டியவை, எல்லாம் சங்கராபரணம். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் கிடையாது. சின்ன வயதில் பாடியிருப்பீர்கள். வெள்ளைக் கட்டை போதும். 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் தேசிய கீத மெட்டு என்பதால் ஸ்டாஃப் நொட்டேஷனும் சுலபமாகக் கிடைக்கும், படித்துப் பழகலாம். தோடி ராகத்தை மட்டும் இப்போது தொடாதீர்கள் அக்கா. அதன் காந்தாரம் ('க') இரண்டு கட்டைக்கு நடுவில் அசைகிற ஸ்வரம், பியானோவில் அதற்கு இடமே இல்லை. மனசு நொந்துபோகும்.

வசாய்வாசி:

வாங்குவது பற்றி மட்டும் சொல்கிறேன். ஆசைப்பட்டு ஒரு பழைய மரப் பியானோவை வியாபாரி ஒருவரிடம் வாங்கினேன். முதல் ஜூலையிலேயே ஈரத்தில் மரம் உப்பி, நடுவில் ஐந்தாறு கட்டைகள் அழுத்தினால் எழவில்லை. ஸ்ருதி சேர்க்க வந்தவர் திருகாணியெல்லாம் தளர்ந்துவிட்டது, கம்பியைப் பிடித்து நிற்காது என்றார். இருநூறுக்கும் மேல் கம்பி! வியாபாரி போனையே எடுக்கவில்லை. இந்த ஊர் மழைக்கு டிஜிட்டல்தான் சரி. தோபி தலாவில் ஃபர்டாடோஸ் கடையில் வாசித்துப் பார்க்க விடுவார்கள், சிஎஸ்எம்டி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். கனமான கட்டை உள்ளதையும் இல்லாததையும் பக்கத்தில் பக்கத்தில் அழுத்திப் பாருங்கள். ஹெட்ஃபோன் போட்டாலும் கட்டை அழுந்தும் 'டொக் டொக்' தரை வழியாகக் கீழ் வீட்டுக்குப் போகும், ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள்.

செம்பூர் டீச்சர்:

அவசரமாக வாங்க வேண்டாம். மெதுவாகத் தட்டினால் மெதுவாகவும், அழுத்தித் தட்டினால் பலமாகவும் அந்த 61-இல் கேட்கிறதா? கேட்டால் ஆறு மாதம் அதுவே போதும்.

இடது கைக்கு ஒன்று செய்யுங்கள். அதைத் தம்பூராவாக வைத்துக்கொள்ளுங்கள். 5-ஆம் விரல் 'ச', 1-ஆம் விரல் 'ப', இரண்டையும் சேர்த்து ஆவர்த்தத்துக்கு (தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு) ஒரு முறை அழுத்துங்கள். பியானோ ஒலி தானாகத் தேய்ந்துவிடும். அது தேய்வதைக் கேட்டுக்கொண்டே வலது கையில் பாட்டின் ஆரம்பப் பாடமான சரளி வரிசை, மிக மிக மெதுவாக. அடுத்த வாரம் ஆவர்த்தத்துக்கு இரண்டு முறை.

முலுண்டுக்காரி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லோருக்கும் நன்றி. தலையணை போட்டதும் தோள் வலி போய்விட்டது, டீச்சர். தட்டும் பலத்துக்கேற்ப ஒலி மாறுகிறது, அதனால் வாங்குவதைத் தள்ளி வைத்துவிட்டேன்.

தம்பூரா யோசனையை அன்று இரவே ஆரம்பித்தேன். முதல் வாரம் வலது கை நின்றால்தான் இடது கை விழுந்தது. ஒன்பதாம் நாள் மாயாமாளவகௌளை ராகத்தில் நாலாவது சரளி வரிசை, கணவர் ஷிஃப்டுக்குக் கிளம்பிய பிறகு, ஹெட்ஃபோனில். வலது கை பஞ்சமத்துக்கு ('ப') வந்த அதே நொடியில் கீழே ச-ப விழுந்தது. எழுபது தடவை வாசித்திருப்பேன், எழுந்திருக்க மனம் வரவில்லை. ஒரு கட்டை ஸ்ருதியில் வாசித்தாலும் இப்போது அது 'ச'வாகத்தான் கேட்கிறது.

நொட்டுஸ்வரம் இரண்டு வரி வந்திருக்கிறது. அதில் இடது கை ச-ப மட்டுமே பிடித்தால் ரிஷபத்தில் ('ரி') நிற்கும் இடம் உரசுகிறது டீச்சர். அங்கே எதைப் பிடிக்க வேண்டும்?

செம்பூர் டீச்சர்:

அந்த இடத்தில் ப-வும் மேலே ரி-யும். சுண்டுவிரலை 'ப'வுக்கு நகர்த்தி, 5-உம் 1-உம். கை நகர்வதை மட்டும் பத்து தடவை, ஒலியில்லாமல் செய்து பாருங்கள்.