நமக்காகப் பரிந்து பேசுகிறவர்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கோட்டையூர் மகள்:
அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நடந்தது. குடி ஒரு வீட்டை என்ன பாடு படுத்தும் என்று பட்டவர்களுக்குத் தெரியும், அதை விரிக்கவில்லை. விட்டேன் என்பார், மறுபடி தொடுவார். சபையில் அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்துக்கு எழுந்து போகவே மாட்டார், கடைசி பெஞ்சோடு சரி. அன்று எங்கள் சபை போதகர் ஐயர் வந்து பைபிளில் முதலாம் யோவான் 2ஆம் அதிகாரம் வாசித்தார். "ஒருவன் பாவஞ்செய்வானானால்" என்றதும் அப்பா கையைத் தூக்கி நிறுத்தினார். சலைன் ஏறிக்கொண்டிருந்த கை, பிளாஸ்டர் ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது. "செஞ்சுட்டா? அப்புறம்?" என்றார். ஐயர் மீதியை வாசித்தார்: இயேசு கிறிஸ்து நமக்காகப் பிதாவினிடத்தில் பரிந்து பேசுகிறவராயிருக்கிறார். "செஞ்ச பெறகுமா?" "செஞ்சவனுக்குத்தானய்யா பேச ஆள் வேணும்." அப்பா கையை இறக்கிவிட்டார். அந்தக் கை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

தேவகோட்டை குமாஸ்தா:
நான் கோர்ட்டிலேயே கிடக்கிறவன். ஒருநாள் கூண்டில் நின்றவரிடம் "வக்கீல் வச்சிருக்கியா?" என்று கேட்டார்கள். அவர் திரும்பி எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்தார். சட்ட உதவி வக்கீல் ஒருவர் எழுந்து "நான் ஆஜராகிறேன்" என்றதும் அந்த மனிதருக்கு மூச்சு வந்தது. ஆனால் தங்கச்சி, ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் வக்கீல்கள் 'கட்சிக்காரர் செய்யவில்லை' என்பார்கள். இயேசு அப்படிப் பேசுவதில்லை. அடுத்த வசனம், நம் பாவங்களை நிவிர்த்தி செய்கிற கிருபாதார பலி அவரே என்கிறது. குற்றத்தை மறைக்காமல், அதற்கான தண்டனையைத் தானே சுமந்ததைச் சொல்லித்தான் பேசுகிறார். மத்தியஸ்தர் அவர் ஒருவரே, வேறு யாரிடமும் போக வேண்டியதில்லை.

செக்காலை:
கடைசி வரி கத்தோலிக்கர்களான எங்களுக்குத்தான் என்று புரிகிறது அண்ணே. சகாய மாதா கோயிலில் என் அம்மா செபமாலை சொல்வது மாதாவின் மகன் இயேசுவை ஒதுக்கிவிட்டு இல்லை, அந்த மகனிடம் எங்களுக்காக வேண்டச் சொல்லி மாதாவைக் கேட்டுத்தான். உங்கள் ஜெபக்கூட்டத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் 'எனக்காக ஜெபியுங்க' என்று கேட்பதில்லையா? சரி, என் விஷயம். ஒரே பாவத்தை எத்தனை தடவை சொல்வது என்று தம்பி, சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனத்துக்கே வர மறுத்தான். சாமியார் அவன் தோளில் கை போட்டு, "சீஷன் பேதுரு இயேசுவைத் தெரியாதுன்னு மறுதலிக்கிறதுக்கு முன்னாடியே இயேசு அவனுக்காக வேண்டியாச்சுப்பா, லூக்கா 22 பாரு" என்றார். தம்பி வாசலிலேயே உட்கார்ந்து அழுதான்.

பள்ளத்தூர் பெரியவர்:
எனக்கும் ஒரு அனுபவம் உண்டு, பிறகு எழுதுகிறேன். மகளே, முதலில் நீ சகரியா 3 வாசி. பிரதான ஆசாரியன் யோசுவா அழுக்கு வஸ்திரத்தோடு நிற்கிறான், வலது பக்கத்தில் சாத்தான் குற்றஞ்சாட்ட நிற்கிறான். கர்த்தர் முதலில் சாத்தானைத்தான் கடிந்துகொள்கிறார், அழுக்கு வஸ்திரத்தைக் களைவது அதற்கப்புறம். ரோமர் 8:34 அதே விஷயம், கிறிஸ்து நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்கிறது. ஆனால் "நீங்கள் பாவஞ்செய்யாதபடிக்கு" என்றுதான் யோவான், உன் அப்பா கேட்ட அந்த வசனத்தையே தொடங்குகிறார், இளம்பிள்ளைகள் அதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. முதலாம் யோவான் 1:9இல் தொடங்கி 2:2 வரை சேர்த்துப் படி. உன் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டு, அப்பாவை மன்னிக்க லேசாக இருக்கும்.

கோட்டையூர் மகள்:
வாசிக்கிறேன் ஐயா. அம்மாவிடம் மட்டும் இப்போது வேண்டாம். அடி வாங்கியது அவர்கள். அப்பாவுக்காகப் பேசியவர் அம்மா பக்கமும் பேசுவார் என்று நம்புகிறேன், ஆனால் மன்னிக்கச் சொல்லி நான் போய் நிற்க மாட்டேன்.